பில் இல்லாத பரிசு

பில் மாமா தன் சொந்தக் கவுண்டரில், நிற்கக் கூடாத பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் புத்தம்புதிய பைனாகுலர் இருந்தது. அதற்கான பில் இல்லை.

“பில் இல்லாம மாத்த முடியாதுங்க சார்” என்றாள் பக்கத்து நாற்காலி அம்மாள். அவருக்கு அடுத்த இருக்கையில் வேலை பார்ப்பவள். தொழிலை அவரிடமே கற்றவள்.

“என்னைத் தெரியலையாம்மா? இதை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.”

“தெரியுதுங்க சார். அதனாலதான் பிசகாம சொல்றேன். உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

பில் மாமா உட்கார்ந்தார். தண்ணீரும் குடித்தார். எரிச்சலாக இருந்தது, ஆனாலும் எவ்வளவு அழகாகச் செய்கிறாள் என்று உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

அந்த ஆறு மாடிக் கடையில் வாங்கிய பொருளை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் தரைத்தளத்தில் பில் மாமாவைத்தான் பார்க்க வேண்டும். சண்டைக்கென்றே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருபவர்களை அவர் முதலில் நாற்காலியில் உட்கார வைப்பார். தண்ணீர் கொடுப்பார். மிக்ஸியில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும் போகிற கதை முழுவதையும் தலையாட்டிக் கேட்பார். கடைசியில், குரலைத் துளிகூட உயர்த்தாமல், “முடியாதுங்க” என்பார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், கொண்டுபோன மிக்ஸி இன்னும் கையிலேயே இருக்கிறது என்பது அவருக்கு உறைக்கும்.

இப்படி ஊரையே சமாளித்தவருக்குச் சொந்தக்காரர்களைச் சமாளிக்கத் தெரியவில்லை. விசேஷம் எதுவானாலும் பரிசோடு பில்லையும் சேர்த்துப் பின் அடித்துத்தான் கொடுப்பார். “பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்” என்று பெருந்தன்மையாக வேறு சொல்லி வைப்பார். அவ்வளவுதான், மறுநாள் காலை கடை திறந்ததும் அவர் கவுண்டருக்கு முன்னால் சித்தப்பா, பெரியம்மா, மச்சினி என்று வரிசை நிற்கும். தான் தேடித் தேடி வாங்கிய பரிசைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, “வேற என்ன எடுத்துக்கிறீங்க?” என்று தானே கேட்க வேண்டும். பில் மாமா என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

அக்கா மகள் கட்டெறும்பும் இதற்கு விலக்கில்லை. ஆள் சின்ன உருவம், பேச்சு சுருக்கென்று கடிக்கும் என்பதால் குடும்பமே வைத்த பெயர் அது. பிறந்தநாளுக்கு மறுநாள் பள்ளிக்கூடப் பையோடு வந்து நிற்பாள். “கலர் சரியில்ல மாமா” என்பாள். மாற்றிக்கொண்டு உடனே போகவும் மாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். பொம்மை, சைக்கிள் மணி, அகராதி, கைக்கடிகாரம் என்று எதையும் அவள் வைத்துக்கொண்டதில்லை.

அந்தக் கட்டெறும்புதான் இப்போது ராணுவப் பயிற்சிக் கல்லூரியை முடித்து, அதிகாரியாகப் பட்டம் வாங்கப் போகிறாள். எந்தப் பிரிவு, எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், “இப்ப சொல்ல மாட்டேன்” என்று சிரித்தாள். எல்லையாகத்தான் இருக்கும் என்றாள் அக்கா. உளவுத்துறையோ என்னவோ என்று அத்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பில் மாமா பனிமலை என்றே முடிவு கட்டிவிட்டார்.

பிள்ளை எங்கேயோ கண்காணாத இடத்துக்குப் போகப் போகிறது. தான் கொடுத்த ஒரு பொருளாவது அவளோடு போக வேண்டும். திரும்பி வரவே கூடாது. அதற்காக அவர் எதையும் செய்யத் தயாராக இருந்தார்.

“பில் இருக்கிறதாலதானே திருப்பித் தர்றாங்க?” என்று மனைவியிடம் கேட்டார்.

“பிடிக்காததாலயும் தரலாம்” என்றாள் மனைவி.

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பைனாகுலரை வாங்கினார். பில்லைச் சுக்குநூறாகக் கிழித்துக் கடை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டார். வாழ்க்கையில் முதன்முறையாகப் பில் இல்லாத மனிதனாக வீட்டுக்கு நடந்தார். நடையே மாறியிருந்தது.

அந்த நடை அக்காவின் போன் வரும்வரைதான்.

“பைனாகுலரா? அதெல்லாம் ராணுவத்துல கொடுக்க மாட்டாங்களாடா? நீ வாங்கிக் கொடுத்துதான் அவ எதிரியைப் பார்க்கணுமா?”

அதனால்தான் இப்போது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்.

“கடை ஆளுக்குன்னு ஒரு சலுகை இருக்குமே?” என்று கேட்டார்.

“இருந்துச்சுங்க சார். நீங்கதான் மேனேஜர்கிட்ட சண்டை போட்டு நிறுத்த வச்சீங்க.”

வேறு வழியில்லாமல் வாசலுக்குப் போனார். நல்லவேளை, குப்பை இன்னும் போகவில்லை. துப்புரவு செய்யும் அம்மாள் தொட்டியைக் கவிழ்த்துக் கொடுக்க, இருவருமாகக் காகிதத் துண்டுகளைப் பொறுக்கிப் பசை போட்டு ஒட்டினார்கள். பக்கத்து நாற்காலி அம்மாள் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “செல்லும்” என்றாள். கடையில் பணத்தைத் திருப்பித் தருகிற வழக்கம் கிடையாது. அதே விலைக்கோ அதற்கு மேலோதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பில் மாமா மேலே கொஞ்சம் போட்டு, பனியிலும் உள்ளே நுழைந்து தூங்கக்கூடிய கனத்த தூக்கப்பை ஒன்றை எடுத்தார்.

புது பில் கைக்கு வந்தது. புத்தியுள்ளவன் அதைப் பத்திரப்படுத்தியிருப்பான். பில் மாமாவுக்கோ கொள்கை பெரிதாகிவிட்டது. வாசலுக்கு வந்ததும் பரபரவென்று கிழித்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் அத்தான் தூக்கப்பையை அழுத்திப் பார்த்தார்.

“மச்சான், அவ அதிகாரி. கட்டில், மெத்தை, கம்பளி எல்லாம் அவங்களே கொடுத்துடுவாங்க. இதை வச்சிக்கிட்டு அவ என்ன பண்ணுவா?”

மறுநாள் துப்புரவு அம்மாள் அவரைப் பார்த்ததும் தொட்டியைக் கவிழ்க்கத் தயாராக நின்றாள்.

“சார், இனிமே கிழிக்கிறதா இருந்தா என் கையில கொடுத்துடுங்க. நான் பெரிய பெரிய துண்டா கிழிச்சு வைக்கிறேன்.”

மறுபடி பசை. மறுபடி விளக்கு வெளிச்சம். இந்த முறை பில் மாமா நிதானமாக யோசித்தார். சண்டைக்கு வேண்டியது எல்லாவற்றையும் ராணுவம் கொடுத்துவிடும். ஓய்வுக்கு யார் கொடுப்பார்? மனிதர் அசந்துபோய் வந்து விழ ஒரு இடம் வேண்டாமா? நான்காவது மாடியில், கால் நீட்டக் கீழே பலகையும் தலைக்கு மேலே சின்னக் குடையும் வைத்த மடக்குச் சாய்வு நாற்காலி அவருக்காகவே காத்திருந்தது போல் இருந்தது. விலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்.

பில்லைக் குப்பைத்தொட்டியில் போடவில்லை. இனிமேல் சபலமே வரக் கூடாது என்று கிழித்துக் கடைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டார். வெளியே துப்புரவு அம்மாள் ஏமாற்றத்தோடு நின்றாள்.

பட்டமளிப்பு நாளன்று அக்காவும் அத்தானும் மனைவியும் காரில் போனார்கள். காரில் நாற்காலிக்கு இடமில்லை. நாற்காலி இல்லாமல் பில் மாமா வர மாட்டார். ஆகவே அவரும் நாற்காலியும் பஸ்ஸில் போனார்கள். இரண்டு கண்டக்டர்கள் நாற்காலிக்கும் டிக்கெட் கேட்டார்கள். நடுவழியில் குடை தானாக விரிந்து டிரைவருக்குக் கண்ணாடி மறைந்தது. எல்லார் திட்டையும் வாங்கிக்கொண்டு, பில் மாமா பயிற்சிக் கல்லூரி வாசலில் வந்து இறங்கியபோது உள்ளே பேண்டு வாத்தியம் ஆரம்பித்திருந்தது.

வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய் புன்னகைத்தார்.

“வாங்க சார். உங்க அழைப்பிதழ் சரியா இருக்கு. இந்த நாற்காலிக்குப் பில் இருக்குங்களா?”

பில் மாமாவுக்குக் காது சில்லிட்டது.

“என்ன பில்லு?”

“வெளியிலேர்ந்து வர்ற எந்தப் பொருளுக்கும் வாங்கின பில் வேணும் சார். உள்ளே ஸ்டோர் சாமானோட கலந்துடக் கூடாதில்ல. பில் இல்லேன்னா பொருள் உள்ளே போகாது. நீங்க போகலாம்.”

“இது பரிசு தம்பி. என் அக்கா பொண்ணு இன்னிக்குப் பட்டம் வாங்குறா. நான் அவளுக்கு மாமா.”

“இன்னிக்கு வர்றவங்க எல்லாருமே யாரோ ஒருத்தருக்கு மாமாதாங்க சார். நின்னுக்கிட்டே பேசாதீங்க, உட்காருங்க.”

உட்கார அங்கே வேறு எதுவும் இல்லை. சிப்பாயே அந்தச் சாய்வு நாற்காலியைப் பிரித்து, காலுக்குப் பலகையை இழுத்துவிட்டு, குடையையும் விரித்து அவரை அதில் உட்கார வைத்தார். கையில் ஒரு டம்ளர் தண்ணீரும் வந்தது. பில் மாமா தான் வாங்கிய பரிசில் தானே சாய்ந்து கிடந்தார்.

தண்ணீர் உள்ளே போனதும் தெம்பு வந்தது. இத்தனை வருஷம் கவுண்டருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்ட வித்தை எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். முதலில் கெஞ்சினார். பஸ்ஸில் பட்ட பாட்டைச் சொன்னார். சிப்பாய் தலையாட்டிக்கொண்டே முழுவதும் கேட்டார்.

“அந்த ரெண்டாவது கண்டக்டர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதாங்க சார்” என்று வருத்தப்படவும் செய்தார். “ஆனா பில் இல்லாம முடியாதுங்க.”

அடுத்து மிரட்டினார். “உங்க மேலதிகாரியைக் கூப்பிடு. நான் அவர்கிட்டப் பேசிக்கிறேன்.”

“தாராளமா பேசலாம் சார். இதோ அவரே வர்றாரு.”

வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மார்பு நிறையப் பதக்கங்களோடு கர்னல் இறங்கினார். கையில் கேக் பெட்டி இருந்தது. சிப்பாய் விறைப்பாக சல்யூட் அடித்தார்.

“கேக்குக்குப் பில் இருக்குங்களா சார்?”

“வீட்டுல என் மனைவி செஞ்சதுப்பா. வீட்டுக் கேக்குக்கு எங்கே பில்லு?”

“அப்படின்னா அம்மா கைப்பட எழுதிக் கொடுத்தா போதுங்க சார். அதுவரைக்கும் இங்கேயே பத்திரமா இருக்கும். தண்ணி குடிக்கிறீங்களா?”

பில் மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கர்னலின் மீசை ஒருமுறை துடித்தது. பிறகு அவர் டம்ளரை வாங்கிக் குடித்தார். கேக் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

“நன்றிப்பா” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு உள்ளே நடந்தார்.

பில் மாமாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷ அனுபவத்தில் அவரே ஒருமுறை தோற்றிருக்கிறார்; கடை முதலாளியின் மனைவி பில் இல்லாமல் பட்டுப்புடவையோடு வந்தபோது மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இங்கே ஒரு சிப்பாய், கர்னலையே திருப்பிவிட்டு நன்றியும் வாங்கிக்கொண்டு நிற்கிறார். நாற்காலி உள்ளே போகாவிட்டால் போகட்டும். இப்படி ஒரு ‘முடியாது’வைக் கண்ணால் பார்த்ததே போதும் என்று தோன்றியது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் வலித்தது. இந்த முறையும் அவர் கொடுத்தது பிள்ளையோடு போகப் போவதில்லை.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அதை மடக்கிக் கேக் பெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“தம்பி, நானும் இதே தொழில்தான். உன்னை மாதிரி செய்றவனை நான் பார்த்ததில்ல. நாற்காலி, தண்ணி, காது கொடுத்துக் கேட்குறது, அப்புறம் அந்த ‘முடியாதுங்க’. ஒண்ணு விடாம எல்லாம் இருக்கு. யார் கத்துக் கொடுத்தா?”

சிப்பாய்க்கு முகமெல்லாம் பெருமை.

“எங்க ஸ்டோர் பொறுப்புல இருக்கிற அம்மாங்க சார், இன்னிக்குப் பட்டம் வாங்குறவங்க. பார்க்கத்தான் சின்ன உருவம். பயிற்சி முடியிறதுக்குள்ளயே ராணுவ ஸ்டோர் பிரிவுல அவங்களை விரும்பிக் கேட்டு எடுத்துட்டாங்க. அவங்க மாமா கொடுத்ததுலயே, மாத்தாம வச்சிக்கிட்டது இந்த வித்தை ஒண்ணுதானாம்.”