சுரங்கத் தண்ணீரில் தக்காளி

மல்மிவாரா,
ஏப்ரல் ஒன்பது

அன்பு மகள் லோவிசாவுக்கு,

அப்பா ஹில்டிங் எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். கோத்தன்பர்க்கில் நீயும் உன் பூக்கடையும் சுகமென்று நம்புகிறேன். இங்கே பனி இன்னும் ஜன்னல் விளிம்பைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இரும்புச் சுரங்கத்தை மூடி இரண்டு வருஷம் ஆகிறதல்லவா, தோண்டித் தீர்ந்துபோகாத ஒரு பிழைப்பை ஊருக்குக் கண்டுபிடிக்க ஏழு பேர் சேர்ந்து தீராத் தொழில் குழு தொடங்கியதும் நான் அதற்குத் தலைவர் ஆனதும் உனக்குத் தெரியும். ஊரார் அதைத் தீராத் தொல்லைக் குழு என்கிறார்கள், அதையும் உன் அம்மா சொல்லியிருப்பாள். முதலில் சதுப்பில் விளையும் மஞ்சள் பெர்ரியில் ஜாம் போடுவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். பெர்ரி எங்கே காய்க்கிறது என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சொந்தத் தம்பிக்கே காட்டாத இடத்தைக் குழுவுக்கு யார் காட்டுவார்கள். நானே காட்டவில்லை. மொத்தம் பதினோரு பாட்டில் தேறியது.

பிறகுதான் கண்ணாடிக் குடில். பழைய குழியிலிருந்து இறைக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே, அதைக் குழாயில் விட்டு உள்ளே சூடேற்றித் தக்காளியும் கீரையும் போட்டோம். வெளியே மைனஸ் இருபது, உள்ளே நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறேன். முப்பது வருஷம் அந்தக் குழிக்குள் துளைக்கும் இயந்திரம் ஓட்டினவன், முதல் தக்காளி சிவந்த அன்று கொஞ்சம் அழுதேன், அதை விடு. போன வாரம் காப்பி குடிக்கப் போனபோது கதவைச் சாத்த மறந்துவிட்டேன். மான் மேய்க்கும் ஆந்தேயின் பனிமான் கூட்டம் மலைக்குப் போகிற வழியில் உள்ளே புகுந்து கீரைப் பாத்தியை மொட்டையடித்துவிட்டது. அவசரக் கூட்டம் கூட்டி ஆந்தேயிடம் விளக்கம் கேட்டேன். அவன் குல்லாயைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னான்: "இத்தனை வருசமா எங்க மேய்ச்சல் காட்டைத் தோண்டித்தானே ஹில்டிங் நீங்க சாப்பிட்டீங்க. எந்த மானாவது கூட்டம் போட்டுச்சா?" கடைசியில் அவனையே குழுவில் சேர்த்துக்கொண்டோம். மறுநாள் வேலி போட அவனே கம்பிகளோடு வந்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குடிலுக்குச் சம்பளத்தோடு ஒரு மேலாளர் வேலை வந்திருக்கிறது. உன் பெயரில் விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். "அவ கேக்கவே இல்லியே. பூ விக்கிறவளுக்குத் தக்காளியப் பத்தி என்னங்க தெரியும்?" என்கிறாள் உன் அம்மா. செடி செடிதானே. பள்ளிக்கூடத்தில் ஒன்பது பிள்ளைகள்தான் மிச்சம். ஒவ்வொரு வீடாக ஜன்னல் இருட்டிக்கொண்டே வருகிறது, மூன்று தெரு தாண்டினால்தான் ஒரு புகைபோக்கி புகைகிறது. தெற்கிலிருந்து வரும் ரயிலில் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க நான் தினமும் போவதாக அம்மா உன்னிடம் சொன்னாளாமே, பொய். கடைக்குப் போகும் வழியில் ஸ்டேஷன் இருக்கிறது. கடை எதிர்ப்பக்கம் என்பது உண்மைதான், ஆனால் முழங்காலுக்கு நடை நல்லதென்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆகவே இது பாசத்தில் எழுதுவதல்ல, ஊர் வளர்ச்சி குறித்து எழுதுவது. வேலை இருக்கிறது, வா.

குளிரும் பசியும் அண்டாமல், நல்ல மனிதர்கள் நடுவில் நீ இருக்க வேண்டும். அம்மாவின் முத்தங்கள்.

உன் அப்பா,
ஹில்டிங்
(தலைவர்)

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் நேர்காணல் முடிந்துவிட்டது. ஆந்தேயின் மருமகள் மாரித்தும் விண்ணப்பித்திருந்தாள், தோட்டக்கலை படித்தவள். தக்காளி இலை ஏன் மஞ்சளாகிறது என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தாள். நான் அளவுக்கு மீறி ஊற்றுகிற தண்ணீர்தானாம். வாக்கெடுப்பின்போது, அவள் தன் உறவு என்பதால் ஆந்தே எழுந்து வெளியே போய் நின்றான். நானும் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஆனால் அவளுக்காக முதலில் கையைத் தூக்கியது நான்தான். எனவே மேலே எழுதிய காரணம் எதுவும் இனி செல்லாது. இங்கே உனக்கு வேலை கிடையாது, லோவிசா. சும்மா வா.