சனிக்கிழமைகளில் இல்லாத அப்பா

தன் வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண்பிள்ளையின் குறட்டை வருவதைக் கேட்டு, யாவ் அம்போஃபோ வாசலிலேயே மரமாக நின்றார். இருட்டி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. உள்ளே இருக்கவேண்டியவர்கள் மனைவி செர்வாவும் நான்கு வயது மகள் அமாவும் மட்டுமே. குறட்டையோ, சரளை ஏற்றிய லாரி மேடேறுகிற குறட்டை.

யாவ் சாவு வீடுகளில் ட்ரம்பெட் ஊதுகிறவர். மாம்போங் வட்டாரத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் யாரையாவது வழியனுப்பிக்கொண்டிருப்பார். அவர் ஊதினால், செத்தவரின் சொத்துக்கு வாரிசாகி அடித்துக்கொண்ட அக்காள் மகன்கள்கூடக் கண்ணைத் துடைப்பார்கள். அந்தக் கண்ணீருக்காகப் பட்டினியோடும் ஊதுவார். அமா பிறந்தது ஒரு சனிக்கிழமை. ஆக, எட்டாம் நாள் பிள்ளையை வெளியே எடுத்துவந்து பேர் வைத்ததும் சனிக்கிழமை. அன்று அப்பா நான்கு ஊர் தள்ளி ஒரு பிணத்தோடு இருந்தார். பேரை ஃபோனில்தான் சொன்னார்.

இன்று ஒரு வைராக்கியம். சனிக்கிழமையாவது ஒன்றாவது, மகளை மார்பில் போட்டுத் தூங்கவைத்தே தீருவது. குழியை மூடுமுன்பே கிளம்பி ஓடிவந்தால், இந்தக் குறட்டை!

கதவைத் தட்டினார். விரற்கடை அளவு திறந்தது.

"மெதுவா, அமா அப்பா! இப்பத்தான் கண்ணசந்தா."

"அவ தூங்கட்டும். குறட்டை விடுறானே, அவன் யாருடி?"

"நீங்கதான்."

"நான் இங்க நிக்கிறேனே!"

"அதான் எனக்கும் ஆச்சரியம். சனிக்கிழமையாச்சே!"

விஷயம் இதுதான். ஊரில் இல்லாத நாட்களில் பிள்ளை கேட்கட்டும் என்று, ஆறு மாதம் முன்பு யாவ் ஒரு ஆமைக் கதையைப் பழைய ஃபோனில் பதிந்து வைத்தார். அவரே போட்ட திட்டம். ஆமை ஆற்றங்கரையை எட்டுவதற்குள் அசதியில் தூங்கிப்போனார். மிச்சம் ஒன்றரை மணி நேரமும் குறட்டை.

"கதைக்கெல்லாம் மசிய மாட்டா. குறட்டை வந்தாத்தான் ஃபோனைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்குவா."

"நீயும் அதைக் கேட்டுக்கிட்டா படுத்திருக்க?"

"பின்னே? போன மாசம் எவனோ ஜன்னலைப் பெயர்த்தான். சத்தத்தைக் கூட்டி வெச்சேன். ஆம்பளை இருக்கான்னு ஓடிட்டான். விடியிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டு நடுங்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன். உங்களை விட உங்க குறட்டை பொறுப்பா இருக்குதுங்க."

யாவ் ட்ரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கினார். "இனி அது எதுக்கு? நான்தான் வந்துட்டேன்ல."

உள்ளே போய், மகளின் கையிடுக்கிலிருந்து ஃபோனை உருவி அணைத்தார். அமா விழித்தாள். எதிரே சாவு வீட்டுக் கறுப்புத் துணி போர்த்திய ஓர் ஆள். வீறிட்டாள்.

"அம்மா! யாரோ வந்திருக்காங்க! அப்பா எங்க?"

"நான்தான்டா கண்ணு, அப்பா." ஆமைக் கதையை ஆரம்பித்தார். அழுகை ஏறியது. வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக் குறட்டையும் விட்டுக் காட்டினார்.

அமா அழுகையை நிறுத்திக் காதுகொடுத்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "எங்கப்பா இப்படி விடமாட்டாரு."

செர்வா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஃபோனை அவகிட்ட குடுங்க. கொஞ்ச நேரம் வெளியில நில்லுங்க. ஏங்கி ஏங்கிக் காய்ச்சல் வந்துடும்."

ட்ரம்பெட்டும் கையுமாக வாசலில் நின்றார். உள்ளே ஆமை கிளம்பியது. ஆற்றங்கரை வந்தது. குறட்டை வந்தது. பிறகு கதவை நோக்கி முக்காலி இழுபடும் சத்தம்.

"அமா, அது வேணாம்மா..."

"அப்பா தூங்கிட்டாரும்மா. வெளியில அந்த ஆளு இருக்கான்."

தாழ்ப்பாள் விழுந்தது.