ஏழாம் சதுரத்து நண்டு

பயந்தவர்கள்தான் பெரிய பிழைகளைச் செய்கிறார்கள். பயமில்லாதவர்கள் சின்னச் சின்னப் பிழைகளைச் செய்துவிட்டு, சிரித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நான் பிறந்ததே பயந்துகொண்டுதான். (பிறந்தவுடன் அழவேயில்லையாம். அழுதால் யாராவது ஏசுவார்கள் என்று நினைத்திருப்பேன்.)

ஊரே விடியுமுன் பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். நான் மூதூரில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த கமலா டீச்சர் தினமும் காலையில் திருகோணமலையிலிருந்து லோஞ்சியில் வருவார். கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வழியெல்லாம் வாந்தியெடுத்து, இறங்கியதும் முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு, மணி அடிக்கும்போது வகுப்பில் நிற்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள், "கண்டல் காடு மூண்டு மைலில இருக்கேக்க அதைப் படத்தில பாத்துப் படிக்கிறது வெக்கம் பிள்ளையள். உங்கட ஊர்க் கங்கை முகத்துவாரத்துக்குப் போவம்" என்றார்.

வகுப்பில் நாங்கள் பதினாலு பெண்பிள்ளைகள். பதிமூன்று வாப்பாமார் உடனே கையெழுத்து வைத்தார்கள். என் வாப்பா மூன்று நாள் யோசித்தார்.

"போ மகள். ஆனா ஒண்டு. உன்னப் பத்தி ஊர்ல ஒரு கதை வந்திச்செண்டா, அண்டையோட பள்ளிக்கூடம் முடிஞ்சி."

எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. நான் தாண்ட ஆசைப்பட்டேன். கமலா டீச்சரைப் போல ஒரு டீச்சராகவும் ஆசைப்பட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடக்காமல் போய்விடும் என்று பயம்.

உழவு மெசின் பெட்டியில் ஏறிப் போனோம். சேற்றங்கரையில் இரண்டிரண்டு பேருக்கு நாலு தடியும் ஒரு கயிறும் கிடைத்தன. தடிகளை நட்டு, கயிற்றைச் சுற்றிக் கட்டினால் அது எங்களுடைய சதுரம்.

"உள்ளுக்கு என்னென்ன இருக்கெண்டு எண்ணுங்கோ, வரையுங்கோ. தொட்டும் பாருங்கோ. ஆனா எடுத்ததை எடுத்த இடத்திலயே வைக்கவேணும். ஒவ்வொண்டுக்கும் இஞ்ச ஒரு இடம் இருக்கு" என்றார் டீச்சர்.

மற்றப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு அறிவுரை. எனக்கு அது அமானிதம். நம்பி ஒப்படைத்த பொருளை ஒப்படைத்தபடி திருப்பிக் கொடுக்காதவருக்கு மறுமையில் என்ன நடக்கும் என்று ஓதப் போன இடத்தில் லெப்பை விளக்கியிருந்தார். அவர் மிகவும் விரிவாக விளக்கக்கூடியவர்.

எனக்கும் ஜெசீமாவுக்கும் ஏழாம் சதுரம் வந்தது. சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்த மூச்சு வேர்களை எண்ணினேன். முப்பத்தொன்று. பயத்தில் மூன்று தரம் எண்ணினேன். ஜெசீமா ஒருதரமும் எண்ணாமல் கொண்டுவந்த இடியப்பத்தைத் தின்று முடித்தாள்.

அடுத்த நாள் காலை, பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டபோது என் கொம்பாஸ் பெட்டிக்குள் ஏதோ சுரண்டும் சத்தம். திறந்து பார்த்தேன். ஒரு சின்னச் சங்கு பாகைமானியின் மேல் தொண்ணூறு பாகையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. உள்ளே நண்டு. (வெறும் சங்கென்று நினைத்து ஜெசீமா சொல்லாமல் பெட்டிக்குள் போட்டுவைத்த அன்பளிப்பு அது என்பது பிறகுதான் தெரிந்தது.)

டீச்சரிடம் சொன்னால் நான் கள்ளி. வீட்டுக்குப் பின்னால் கடலில் விடலாம், ஆனால் எடுத்த இடம் அதுவல்ல. இரண்டாம் பாடத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, சீருடையோடு முகத்துவாரத்துக்கு நடந்தேன். விஞ்ஞானத்தைவிட நான் கணக்கில் மோசம்.

போய்ப் பார்த்தால் தடியுமில்லை, கயிறுமில்லை. நாங்கள் வந்த அடையாளமே தெரியாமல் டீச்சர் துப்புரவாக்கியிருந்தார். கொப்பியை விரித்து, நான் வரைந்த படத்தோடு இடத்தை ஒப்பிட்டேன். முப்பத்தொரு வேர் உள்ள சதுரம் வேண்டும். முதலிடத்தில் முப்பத்துநாலு. அடுத்ததில் இருபத்தெட்டு. எண்ணியதையெல்லாம் எழுதிவைத்தேன், ஒரே இடத்தை இரண்டுதரம் எண்ணிவிடக் கூடாதல்லவா. பிறகு சேற்றில் துள்ளும் மீன்களையும் எழுதினேன். அவை வேரில் ஏறி இருந்து என்னைப் பார்த்தன. மீன்கொத்தி எத்தனை தரம் பாய்ந்தது, எத்தனை தரம் வெறும் வாயோடு திரும்பியது என்பதையும் எழுதினேன். பசி தெரியவில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், பயமும் தெரியவில்லை.

அதே நேரம் ஊரில் எனக்காக மூன்று கிணறுகளை இறைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் என் பெயர், வாப்பாவின் பெயர், என் நிறம் எல்லாம் சொல்லப்பட்டன. நான் லோஞ்சி ஏறிப் போனதைக் கண்ணால் கண்டதாகவே இரண்டு பேர் சொன்னார்களாம்.

அஸர் தொழுகை நேரம் மெசின் பெட்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். முதலில் குதித்தவர் காக்கா, என் அண்ணன்.

"என்ன புள்ள செய்ற இஞ்ச?"

"இடம் தேடுறன் காக்கா."

"ஆருக்கு இடம்?"

கொம்பாஸ் பெட்டியைத் திறந்து காட்டினேன். காக்கா நண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டு சேற்றிலேயே குந்திவிட்டார்.

"இவருக்காகவா புள்ள நாங்க கிணறு இறைச்ச?"

மெசின் பெட்டியில் ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு ஊர் வரைக்கும் எங்களோடு வந்தது. அவர்களோடு வந்திருந்த கமலா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. முழங்கால் வரை சேறோடு நின்று, என் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நண்டை, இருட்டுமுன் போக வேண்டுமென்ற அவசரத்தில், கைக்கெட்டிய இடத்தில் விட்டேன்.

அன்று பின்னேரம் லோஞ்சியைத் தவறவிட்டுவிட்டு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பா கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். கொப்பியை அவர் முன் விரித்தார் டீச்சர்.

"பத்தொன்பது இடம் எண்ணியிருக்கிறா. நான் சொல்லிக் குடுக்காத வேலை. இந்தப் பிள்ளையை மறிக்காதேங்கோ."

வாப்பா கொப்பியை மரியாதையாகப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"நீங்க சொல்ற சரி டீச்சர். அவ கெட்ட வேலைக்குப் போகல்ல. எண்டாலும் நாளைக்கு மாப்புள வீட்டார் விசாரிச்சா, ஊர் நண்டப் பத்தியா சொல்லும்?"

உம்மா குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார். டீச்சர் குடித்தார். கொப்பியை என்னிடம் திருப்பித் தந்தார்.

வகுப்பு இடாப்பில் அன்று எனக்கு 'வரவில்லை' என்று குறித்தார்களாம். அதுவரை ஒருநாளும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் போனதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது ஊர் நண்டைப் பற்றித்தான் சொன்னது. அவர்களும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். இன்றைக்கும் கதவைப் பூட்டினேனா என்று பார்க்க நான் பாதி வழியில் திரும்பினால், "உம்மா நண்டு விடப் போறா" என்று பிள்ளைகள் வழிவிட்டு நிற்பார்கள். போன பெருநாளில் புது மருமகனுக்கும் இந்தக் கதை சொல்லப்பட்டது. வயிறு நோகச் சிரித்துவிட்டு அவர் கேட்டார்:

"மாமி, கடைசியில அத சரியான இடத்திலதான் விட்டீங்களா?"

"இல்ல மகன்," என்றேன். "தேட இன்னும் கொஞ்ச நேரம் தந்திருக்கலாம்."

அதற்குத்தான் எல்லோரும் கூடுதலாகச் சிரித்தார்கள்.