கயிறு இழுப்பவருக்கு ஒரு பாராட்டு விழா

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. என் இடுப்பையும் இவளுடைய கோபத்தையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நலம்தான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் இப்போதும் செய்தித்தாளை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு "தூங்கல, படிக்கிறேன்" என்கிறாரா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது. முதலில் என் கதையைக் கேள்.

"விழாவுல அவ பக்கத்துல உட்கார்ந்தியா இல்லையாடா?" என்று நீ போனில் கேட்டபோது, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. இவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், அதனால்தான். உட்கார்ந்தேன் அக்கா. சத்தியமாக உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை வாயால் சொல்லத் தெம்பில்லை.

எங்கள் பேட்டைக் கலை மன்றத்தில் நான் என்ன செய்கிறேன் என்று வெளியே யாராவது கேட்டால் 'மேடை நிர்வாகம்' என்பேன். உன்னிடம் என்ன பந்தா, திரைக் கயிறு இழுக்கிறேன். லாப நோக்கமில்லாத மன்றம் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. எங்களைப் பார்த்தாலே தெரியும், பலகை தேவையில்லை. ஆபீசிலிருந்து ஓய்வு கிடைத்தது, கயிற்றிலிருந்து கிடைக்கவில்லை. இவளுக்கு அதுதான் குறை. "எல்லாரும் வீட்டுக்காரரோட நாடகம் பாக்கறாங்க, நான் கைப்பையோட பாக்கறேன்" என்பாள். பக்கத்து நாற்காலியில் எனக்காகக் கைப்பையை வைத்து இடம் பிடிப்பாள்; நாடகம் முடியும்வரை கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். அதுவும் தூண் ஓரத்து நாற்காலி. "ராஜா சாகறது தெரியுது, யாரு குத்தினான்னு தெரியல. வேற இடமே இல்லையா உங்களுக்கு?" என்று ஒவ்வொரு முறையும் சண்டை. நான்தான் அந்த இடத்தை இவளுக்கு ஒதுக்கி வைப்பேன், நல்ல காற்று வரும் என்று சொல்லி. கடைசியில் ஒரு நாள் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இந்த ஆண்டு விழாவுல முழுசா என் பக்கத்துல உட்காருங்க. இல்லன்னா நான் அண்ணி வீட்டுக்குப் போயிடறேன். திரும்பி வர்றத அப்புறம் யோசிக்கலாம்." நீயும் "வாம்மா, கதவு திறந்தேதான் இருக்கு" என்றாயாம். ரொம்ப நன்றி.

இந்த நேரம் பார்த்து எங்கள் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. தலைவர் நல்ல மனுஷர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான். அவர் பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு ஒரே அடையாளம் திரை விழுவது. 'கடைசியாக ஒன்று' என்று அவர் சொன்னதும் நான் கயிற்றைத் தளர்த்துவேன். கோபித்துக்கொள்ளவே மாட்டார். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னைக்கு சுருக்கமா முடிச்சிட்டேன் இல்ல?" என்பார். அவர் சொன்னார்: "இந்த வருஷம் திரைக்குப் பின்னால இருக்கறவங்களுக்குத்தான் பாராட்டு விழா. நீங்கல்லாம் முன்வரிசையில ராஜா மாதிரி உட்காருங்க. உங்க வேலைய நடிகர்கள் பாத்துப்பாங்க." எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது. இவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பாக்கலாம்" என்றாள்.

விழாவுக்கு முன் ஒரு பாடு பட்டாயிற்று. உடைகள் தைக்கும் ஊசியக்கா (எந்நேரமும் உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர், எல்லாவற்றுக்கும் 'ம்' என்றுதான் பதில் வரும்) கயிற்றுக்குப் பக்கத்தில் தொங்கும் பக்கத் திரையில் இருக்கிற ஓட்டையை இந்த முறை தைத்தே தீருவேன் என்று நின்றாள். கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. காற்று வரட்டும் விடு என்று அவளை அனுப்பி வைத்தேன். எப்போதும் ராஜா வேஷம் போடும் பல் டாக்டரிடம் கயிற்றை ஒப்படைத்தேன். "இழுக்கறதுதானே சார், தினமும் செய்யறதுதான்" என்றார்.

அக்கா, நடிகன் கையில் கயிற்றைக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? திரை ஏறியது, கூடவே பல் டாக்டரும் மேடைக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். விளக்கைப் பார்த்துக்கொள்ள வந்தவர், அம்மா வேஷங்களில் அழவைக்கும் டீச்சரம்மா. தன் பெண் எங்கே நிற்கிறாளோ அங்கேயே வெளிச்சத்தை வைத்துவிட்டார். அந்தப் பெண் பின்வரிசையில் மர வேஷத்தில் நின்றாள். ஆடிய குழந்தைகள் எல்லாம் இருட்டில் ஆட, மரம் மட்டும் ஜொலித்தது. என் பக்கத்தில் எங்கள் லைட்டுக்காரர் ஃபியூஸ் அண்ணன், நாற்காலிக் கையைத் திருகிக்கொண்டு "மாத்துங்கம்மா, மாத்துங்க" என்று முனகினார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் போனவர்தான்; கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் சரியாகிவிட்டது. பிறகு ஒரு குழந்தையின் பாவாடை ஓரம் பிரிந்து தொங்கியது. ஊசியக்கா வாய் திறந்து பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "அவிழுது! அவிழுது!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். நான் அசையவில்லை. திரை ஒரு பக்கம் கோணலாகத் தொங்கியது, என் கை பரபரத்தது, அப்படியும் அசையவில்லை. ஏனென்றால் இவள் கைப்பையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் நான். அதைப் பார்த்த பிறகு எப்படி அக்கா எழுந்து போவேன்?

பாராட்டு நேரம் வந்தது. "இவர்கள் இல்லாமல் நாம் இல்லை" என்று தலைவர் முன்வரிசையைக் காட்டினார். முன்வரிசையில் இவர்கள் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன். "எல்லாருக்கும் சேர்த்து நீங்களே வாங்கிக்குங்க" என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு, அத்தனை கேடயங்களையும் என் கையில் அடுக்கினார். ஒவ்வொன்றும் அம்மிக் குழவி கனம். மூக்குவரை கேடயம். அப்புறம் 'கடைசியாக ஒன்று' என்றார். திரை விழவில்லை. மறுபடியும் சொன்னார். ம்ஹும். பல் டாக்டர் கிரீடத்தோடு வெளியே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாராம். தலைவர் மன்றம் ஆரம்பித்த கதையைச் சொன்னார், தன் கல்யாணக் கதையைச் சொன்னார், பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய கதைக்கு வந்துவிட்டார். வாய் பேசிக்கொண்டே இருக்கிறது, கண் மட்டும் என்னைப் பார்த்து 'காப்பாத்துப்பா' என்று கெஞ்சுகிறது. பழக்கதோஷத்தில் என் கை கயிற்றைத் தேடி நகர, மேலே இருந்த கேடயம் அவர் கால்மேல் விழுந்தது. "ஆ! இப்படித்தான் அன்றைக்கும் வலித்தது" என்று அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார். நான் கேடயங்களுக்கு மேலாக எட்டி இவளைப் பார்த்தேன். நாற்காலி காலி. கைப்பையும் இல்லை. போச்சு, உன் ஊர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள் என்றே நினைத்தேன். அந்த நேரம் திரை விழுந்தது. எங்கிருந்தோ பல் டாக்டர் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

கேடயங்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு வெளியே ஓடினேன். வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வீடு வரைக்கும் ஒரு பேச்சு இல்லை. அன்றிலிருந்து "சாப்பாடு ஆச்சா", "குடை எடுத்துக்குங்க", அவ்வளவுதான். ஏதோ யோசனையாகவே இருக்கிறாள். திட்டினால்கூடத் தாங்குவேன், இது தாங்கவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது அக்கா. நேற்றுத் தலைவர் வீட்டுக்குப் போய், மன்றத்துச் சாவிக்கொத்தைக் கொடுத்து, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் அழுதார், அழுதுகொண்டே ஒரு பேச்சை ஆரம்பித்தார், ஆளை விடுங்கள் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரம் நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். மாடி அறையைப் பெருக்கி வை. இது உறுதி. மாற்றமே இல்லை. நான் இப்போதே பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உன் முழங்காலுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
களைத்துப்போன உன் தம்பி

பி.கு.: அண்ணி, நான்தான் எழுதறேன். கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லி என்கிட்ட கொடுத்தார், படிச்சேன். அன்னைக்குத் திரையை இறக்கினது பல் டாக்டர் இல்ல, நான். அந்த மனுஷர் பேச்சை எவ்வளவு நேரம்தான் கேக்கறது? இவர் வேற அங்க கேடயத்தைத் தாங்கிட்டு நிக்கறார். விடுவிடுன்னு உள்ள போய்க் கயிற்றை விட்டுட்டேன். அப்பதான் பக்கத் திரையில அந்த ஓட்டையைப் பாத்தேன். காத்து வருதாம் காத்து! ஒரு சொட்டுக் காத்து வரல. ஓட்டை சரியா இவர் கண் உயரத்துல இருக்கு, எனக்கு எட்டல; ஒரு ஸ்டூல் போட்டு ஏறிக் கண்ணை வச்சுப் பாத்தேன். கூட்டம் தெரியல, முன்வரிசை தெரியல. தூண் ஓரத்து நாற்காலி ஒண்ணுதான் தெரிஞ்சுது, போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி. இத்தனை வருஷமா நான் அந்த நாற்காலிக்காக இவரோட சண்டை போட்டிருக்கேன் அண்ணி. அன்னைலேருந்து வாய் திறந்தா அழுதுடுவேனோன்னுதான் பேசாம இருக்கேன்.

இன்னைக்குக் காலைல தலைவர்கிட்டப் போய்ச் சாவிக்கொத்தைத் திருப்பி வாங்கிட்டேன், என் கைப்பையிலதான் இருக்கு. இவருக்குத் தெரியாது. துணி அடுக்கட்டும், அலமாரி ரொம்ப நாளா குப்பையாக் கிடக்கு. ஓட்டையைத் தைக்க வேண்டாம்னு ஊசியக்காகிட்டயும் சொல்லிட்டேன், 'ம்'ன்னாங்க. இனிமே கயித்துக்கிட்ட ரெண்டு பேருமா நிப்போம். நாங்க வரல, நீங்க வாங்க. தூண் ஓரத்து நாற்காலி காலியாத்தான் இருக்கும். நாடகம் ஒண்ணும் தெரியாது. ஆனா உள்ளேருந்து நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உங்களையே பாத்துக்கிட்டு இருப்போம்.