கேட்ட உடனே ஓடி வந்தோம்

சொந்தக்காரர் இருக்கிற ஊரில் லாட்ஜில் அறை எடுப்பதை எங்கள் பாறசாலைப் பக்கத்தில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தால்கூட "பாவம், என்ன கவலையோ" என்பார்கள். லாட்ஜில் தங்கியது தெரிந்துவிட்டால் அடுத்த மூன்று கல்யாணத்துக்கு அழைப்பு வராது. (அழைப்பில்லாமலே போய்ச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. நான் அந்த வகை இல்லை.) இந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான், ஒன்பது வருடத்துக்கு முன்னால், என் மகளின் ஒரு நல்ல காலைப்பொழுதை நான் கெடுத்தேன்.

மகள் ஷெரின் அப்போது பிளஸ் டூ. கேரள மாநிலப் பள்ளிகளின் கலைவிழாவான கலோத்சவத்தில் தமிழ்ப் பாடல் ஒப்பிக்கிற போட்டி ஒன்று உண்டு. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்கிற எங்கள் எல்லையோரத்துப் பிள்ளைகள் தலை நிமிர்ந்து மேடையேறுவது அதற்கு மட்டும்தான். இரண்டு வருடம் மாவட்டத்தில் இரண்டாம் இடத்தில் நின்றவள், அந்த வருடம் முதலிடம் வாங்கிவிட்டாள். விழா கோழிக்கோட்டில். அடுத்த வருடம் அவள் பள்ளியிலேயே இருக்கமாட்டாள். ஆகவே இதுதான் முதல் வாய்ப்பு, இதுதான் கடைசியும்.

"பிள்ளையளுக்கு அங்க ஒரு ஸ்கூள்ல எடம் தருவாவ லில்லி. நானும் கூட உண்டு. அங்கயே நிக்கட்டும்" என்றார் தமிழ் சொல்லிக்கொடுத்த விமலா டீச்சர். என் வீட்டுக்காரர் போனில் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ் ஒன்றைக் காட்டினார். நான் இரண்டு பேரையும் ஒரே பார்வையில் அடக்கினேன்.

"எனக்க சித்தப்பா அந்த ஊர்ல வீடு வச்சு இருக்கும்ப, எனக்க பிள்ளை பெஞ்சை அடுக்கிப் போட்டா படுக்கணும்?"

செல்லையன் சித்தப்பா அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நாற்பது வருடத்துக்கு முன்னால் வேலை கிடைத்து வடக்கே போனவர். என் வாழ்க்கையில் அவரை நான்கு தடவை பார்த்திருப்பேன். இரண்டு வாரம் முன்னால் போன் போட்டபோது தங்கபாய் சித்திதான் எடுத்தாள். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மணி என்று எல்லாம் கேட்டுக்கொண்டாள். "வா மக்கா. முன்னறைய ஒழிச்சுப் போடுகேன். சித்தப்பாவுக்கு ஒன்னப் பாத்தா சந்தோசமாக்கும்" என்றாள்.

சாயங்கால வண்டியில் ஏறினோம். ஷெரின் மாவட்டத்தில் ஜெயித்த வீடியோவை எதிர் சீட்டுக்காரருக்குக் காட்டினேன். அவர் இறங்கிப்போனதும் அந்த இடத்துக்கு வந்தவருக்குக் காட்டினேன். அப்படியே போனில் சார்ஜ் தீர்ந்தது.

காலை எட்டரைக்கு ஆட்டோ சித்தப்பா வீட்டுத் தெருவில் திரும்பியபோது முக்கில் ஒரு கறுப்புக்கொடி கட்டியிருந்தது. "ஏதோ கட்சிக்காரனுவ" என்று ஷெரினுக்கு விளக்கினேன். வீட்டு முன்னால் நீலத் தார்ப்பாய், அதன் கீழே வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். "பாத்தியா, சித்தி நமக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கா" என்றேன். (இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.) ஆட்டோவை விட்டு இறங்கின பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. சித்தப்பா விடியற்காலை ஐந்து மணிக்கு இறந்துபோயிருந்தார்.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது தெரிந்தது என்று மலையாளத்தில் கேட்டாள். போட்டிக்காக வந்தோம், இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். துட்டி வீட்டு வாசலில் நின்று கலோத்சவம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"கேட்ட உடனே ஓடி வந்தோம்" என்றேன்.

ஷெரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

யாரோ எங்கள் பையை வாங்கி முன்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நான் சித்தியைக் கட்டிப்பிடித்து அழுதேன். அழுது நிமிர்வதற்குள் குளிர்பெட்டி வந்து இறங்கிவிட்டது. ஹாலில் கரண்டு பிளக் முன்னறைக் கதவை ஒட்டித்தான் இருந்தது. பெட்டியை அங்கேயே வைத்து, சித்தப்பாவை அதில் கிடத்தினார்கள். உள்ளே எங்கள் பை. பைக்குள் ஷெரினின் போட்டி அட்டை. அது இல்லாமல் மேடையில் ஏற்றமாட்டார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நடுவில் சித்தப்பா.

"அம்மா, பை" என்றாள் ஷெரின்.

"இரி மக்கா. கலோத்சவம் எண்ணைக்கு நேரத்துக்குத் தொடங்கியிருக்கு?" என்றேன். அது மட்டும் உண்மை.

துக்கத்துக்கு வந்தவர்களில் ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். என் பதில் அவர் காதுக்குப் போயிருக்கிறது. நேராக என்னிடம் வந்து, "ஏது வண்டிக்கா வந்நது?" என்று கேட்டார். ஐந்து மணிக்குச் செத்தவருக்கு எட்டரைக்குப் பாறசாலையிலிருந்து எப்படி வந்து சேர முடியும்? மனுசர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். எந்த வண்டியும் சரிவரவில்லை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேத்தே மனசு ஒரு மாதிரி இருந்துது. அதான் பொறப்பட்டோம்" என்றேன்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் அது அங்கேயே முடிந்திருக்கும். இது பழைய மிஷன் சபைக்காரர் வீடு. பக்கத்திலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி "ஸ்தோத்திரம்" என்றாள். தெற்கேயிருந்து வந்த மகளுக்குத் தரிசனம் கிடைத்ததாம் என்று செய்தி தார்ப்பாய்க்குப் போய், திரும்பி வரும்போது போதகரையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஜெபத்துக்கு நடுவில் அவர் என் பக்கம் கையைக் காட்டி, சகோதரி எழுந்து சாட்சி சொல்லவேண்டும் என்றார்.

எழுந்தேன். சொல்லவும் சொன்னேன். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தபோது, பூவாரில் ஆறு கடலோடு சேர்கிற பொழிமுகத்தில் சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டி ஒரு படகில் ஏறிப்போவதைக் கண்டதாகச் சொன்னேன். கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை என்றேன். கூட்டத்தில் விம்மல் கேட்டது. ரயில்வேக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. சபையில் இத்தனை வருடத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை பேசச் சொன்னதில்லை. படகுக்கு ஒரு துடுப்புக்காரரையும் சேர்த்தேன். சுவரில் மணி பத்தைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை. ஷெரின் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த சித்தி அப்போதுதான் முகத்தைத் தூக்கினாள். அழுது அழுது குரல் அடைத்திருந்தது.

"போதும் லில்லி. பிள்ளைக்குப் பத்தரைக்கு ஆக்கும். நீ அண்ணைக்குப் போன்ல சொன்னியல்லா?"

ஹாலில் எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. சித்தி மகனைப் பார்த்தாள்.

"எலே ஜஸ்டின், அப்பாவக் கொஞ்சம் அந்தால நீக்குங்கலே. பிள்ளைக்க பை உள்ள இருக்கு."

பிளக்கைப் பிடுங்கினார்கள். ஆறு பேர் சேர்ந்து பெட்டியைத் தள்ளினார்கள். கண்ணாடிக்குள் சித்தப்பாவின் தலை லேசாக ஆடி நின்றது. ஷெரின் இடுக்கு வழியாக உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். கூட்டம் எங்களுக்கு வழிவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நாங்கள் போய்ச் சேரும்போது பதினொன்றேகால். அன்றைக்கு எல்லா மேடையும் தாமதம், எங்கள் மேடை மட்டும் சொன்ன நேரத்துக்குத் தொடங்கி முடிந்திருந்தது. விமலா டீச்சர் வராந்தாவில் தனியாக நின்றார்.

"மூணு மட்டம் கூப்பிட்டாவ லில்லி. பிள்ளை பாத்ரூமுக்குப் போயிருக்குண்ணு பொய்கூட சொல்லிப் பாத்தேன்."

ஷெரின் அழவில்லை. பையைக் கீழே வைத்தாள். அந்த வராந்தாவிலேயே டீச்சர் முன்னால் கைகட்டி நின்று, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருதடவை சொன்னாள். ஒரு இடத்திலும் தட்டவில்லை. டீச்சர் வாட்சைப் பார்த்து, "நேரம் செரியா உண்டு மக்கா" என்றார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என்னைப் போல ஒரு தாய் அவளுக்கு வாய்த்திருக்கவேண்டாம் என்று அன்றைக்கு மனதார நினைத்தேன்.

டீச்சரின் சார்ஜரில் போனைப் போட்டபோது ஜஸ்டினின் மெசேஜ் வந்து விழுந்தது. காலை ஐந்தரைக்கு அனுப்பியது. "அக்கா, அப்பா போயாச்சு. நீங்க நேரா ஸ்கூளுக்குப் போங்க. பக்கத்துல எனக்க கூட்டுக்காரன் வீட்டுல தங்க எடம் சொல்லியிருக்கேன். பிள்ளைக்க காரியம் முடிஞ்ச பொறவு இஞ்ச வந்தா போதும்." அப்பாவைப் பறிகொடுத்த அரைமணி நேரத்தில் அந்தப் பையன் எங்களுக்குத் தங்குமிடம் தேடியிருக்கிறான்.

மூன்று மணிக்கு அடக்கத்துக்குப் போய்க் கடைசி நாற்காலிகளில் உட்கார்ந்தோம். என்னிடம் யாரும் கனவு கேட்கவில்லை.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் நான் வாசலில் சொன்ன அந்த வாக்கியம் கேலிக்கென்றே ஆகிப்போயிற்று. ஆரியங்கோட்டுக் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்தபின் வந்து சேர்ந்த என் அண்ணன், "கேட்ட உடனே ஓடி வந்தோம்" என்றுகொண்டே பந்தியில் உட்கார்ந்தான். யாராவது வெளியூர் போகப் பை கட்டினால், "தங்குக வீட்டுல எல்லாரும் சொகந்தானே? லில்லிக்கு ஏதாவது கனவு உண்டாண்ணு கேட்டுட்டுப் போ" என்பார் என் வீட்டுக்காரர். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஷெரின் சிரிக்க மூன்று வருடம் பிடித்தது. ஆனால் மாதம் தவறாமல் தங்கபாய் சித்திக்குப் போன் போடுவாள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொன்னதில்லை.

போன வருடம் ஒரு காலையில் ஜஸ்டினின் மெசேஜ் வந்தது. சித்தி இரவில் உறங்கினவள் எழுந்திருக்கவில்லை. அப்போது போன் என் கையில்தான் இருந்தது, சார்ஜும் இருந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் நானும் ஷெரினும் கிளம்பிவிட்டோம். கிடைத்த வண்டியில் நின்றுகொண்டே போனோம். வீட்டை எட்டும்போது சாயங்காலம் ஆறு மணி. அடக்கம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முன்னறைக் கதவு திறந்து கிடந்தது.

வாசலில் அதே பக்கத்து வீட்டுப் பெண், தலை நரைத்துப்போய். என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது தெரிந்தது என்று அதே கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை என்னிடம் உண்மையான பதில் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், சொல்ல முடியவில்லை.

ஷெரின் என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"வா அம்மா, போவலாம். வண்டியில வரும்பவே லாட்ஜ்ல ரூம் போட்டாச்சு" என்றாள். பிறகு என் காதருகே குனிந்து, "அங்க எல்லாரும் உயிரோட உண்டாண்ணு கேட்டுட்டுத்தான் போட்டேன்" என்றாள்.

அந்த வாசலிலேயே நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.