வசந்தியின் அணியும் என் வாயும்

ஜெயிக்கிற அணிக்கு ரசிகனாக இருப்பது சோம்பேறிகள் செய்கிற வேலை. கைதட்டினால் போதும், வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். தோற்கிற அணிக்கு ரசிகனாக இருந்து பாருங்கள். நடுவரைத் திட்ட வேண்டும், வெயிலைத் திட்ட வேண்டும், பந்தைத் திட்ட வேண்டும், எதுவும் கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வந்து குக்கரைத் திட்ட வேண்டும். (குக்கர் பதிலுக்கு விசில் அடிக்கும். அந்த விசிலாவது நியாயமாக இருக்கும்.)

என் மனைவி வசந்தி மைசூரில், அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. மாணவிகளுக்கு 'பி.டி. மேடம்'. அந்தக் கல்லூரிக்கு ஒரு பாஸ்கெட்பால் அணி இருக்கிறதென்றால் அது அவளால்தான். நான் அதே ஊரில் ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வருகிற சரக்கில் குறை கண்டுபிடித்துச் சத்தம் போடுவது என் உத்தியோகம். அதை ஆபீஸ் வாசலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த சீசனை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. அதுவும் கௌரவமான தோல்வியா? மண்டியாவில் எங்கள் பெண் ஒருத்தி தன் பக்கத்துக் கூடையிலேயே பந்தைப் போட்டுவிட்டாள். மற்றவர்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள்! இன்னொரு ஆட்டத்துக்கு ஷில்பா வரவே இல்லை. கொள்ளேகாலில் சித்தி பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம். ஏம்மா, நிச்சயம் அவளுக்குத்தானே, உனக்கு என்ன வேலை அங்கே? கேட்டால், "கேசரி பரிமாற ஆள் இல்ல அங்கிள்" என்கிறாள். இவள் பந்தைப் பரிமாறியிருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம்.

பெண்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? நிர்வாகத்தை அல்லவா நிற்க வைத்துக் கேட்க வேண்டும். அணிக்கு உருப்படியாக ஒரு பந்து கிடையாது. இருந்ததில் நல்லது எது என்று கேட்டால், காற்று மெதுவாக இறங்குகிற பந்துதான் நல்லது. ஆண்டு விழா என்றால் கோர்ட்டில் பந்தல். பெற்றோர் கூட்டம் என்றால் கோர்ட்டில் கார். பாதி நாள் இந்தப் பெண்கள் கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்துதான் பந்து தட்டினார்கள். இப்படியெல்லாம் செய்துவிட்டு, "ஏன் மேடம் ஒண்ணுகூட ஜெயிக்கல?" என்று கூசாமல் கேட்கிறார்கள். வயிறு எரியுமா எரியாதா?

கேட்டவர் கல்லூரிச் செயலாளர். வெள்ளைச் சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூட எட்டிப் பார்க்காத மனுஷர். கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் வசந்தியைக் கூப்பிட்டு, "இதையாவது ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லாட்டி அடுத்த வருஷத்திலேருந்து டீம் வேண்டாம். அந்த இடத்துல டூவீலர் ஸ்டாண்ட் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டார்.

வசந்தி வீட்டுக்கு வந்து இதை அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அணித்தலைவி சைத்ரா, அரைக்கால் டிராயர் போட்டு விளையாடக் கூடாது என்ற அப்பாவோடு சண்டை போட்டு, மாசக்கணக்கில் பேசாமல் இருந்து, அந்த அணிக்கு வந்தவள். நந்தினி என்று ஒரு பொடிசு. வகுப்பில் வாயே திறக்காத பெண், கோர்ட்டில் இறங்கினால் மட்டும் சிரிப்பாள். இவர்களை அனுப்பிவிட்டு அங்கே ஸ்கூட்டர் நிறுத்துவார்களாம்!

கடைசி ஆட்டம் எங்கள் கல்லூரிக் கோர்ட்டிலேயே. எதிரணி கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்த புதுக் கல்லூரி. அவர்களும் அந்த சீசனில் எல்லா ஆட்டமும் தோற்றவர்கள்தான். இதுகூட முடியாவிட்டால் எப்படி என்று எனக்கு ஏக நம்பிக்கை.

அன்று காலை டிபன் சாப்பிடும்போது வசந்தி மேஜைமேல் டம்ளர்களை நகர்த்தி நகர்த்தித் தன் திட்டத்தை விளக்கினாள். சைத்ராவுக்கு இடது கை சுத்தமாக வராது, அதனால் வலது பக்கமாகவே போக வேண்டும். ஷில்பாவுக்கு முட்டி வலி, அது வெளியே தெரியக் கூடாது. ரொம்ப நெருக்கடி வந்தால், எல்லாரும் சைத்ராவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பந்தை ஓரத்தில் நிற்கும் நந்தினிக்குத் தள்ளிவிட வேண்டும்.

"இதெல்லாம் வெளியில போகக் கூடாது, தெரிஞ்சுதா?" என்றாள்.

"சே, நான் யார்கிட்ட சொல்லப்போறேன்!" என்றேன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய், படிக்கட்டில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். முதல் பாதியில் நாங்கள் முன்னணி. சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் முன்னணி! நான் வாயைத் திறக்கவே இல்லை. (வாய் நிறைய வேர்க்கடலை.) செயலாளர்கூட வந்து முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வசந்தி பெஞ்சிலிருந்து ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் கோர்ட்டில் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் பாதியில் கடலை தீர்ந்துபோயிற்று.

அவர்கள் இரண்டு கூடை போட்டார்கள். எங்கள் பெண்கள் பழைய குணத்தைக் காட்ட ஆரம்பித்தார்கள். சைத்ரா பாட்டுக்கு இடது பக்கமாகப் போகிறாள். எனக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று கத்தினேன். "வசந்தி! அவளுக்குத்தான் இடது கை வராதே! வலது பக்கமே போகச் சொல்லு!"

தமிழில்தான் கத்தினேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மைசூர்த் தமிழர்கள் எல்லாருக்கும் ஒரு வியாதி உண்டு. வெளியில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். புடவைக் கடையில் கடைக்காரர் எதிரிலேயே "விலை ஜாஸ்தி, கிளம்பற மாதிரி எழுந்திரு" என்று தமிழில் பேசிக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் எதிரிலேயே "இவருக்கு ஒண்ணும் தெரியல போலிருக்கே" என்போம். ஊரில் பாதிப் பேர் தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் என்பது எங்கள் மண்டையில் ஏறவே ஏறாது. எங்கள் தமிழ் எங்களுக்கு மட்டும் சாவி உள்ள பீரோ என்று நினைப்பு.

நான் கத்திய அடுத்த நிமிஷமே சைத்ராவின் வலது பக்கம் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எப்படி? எனக்கு விளங்கவில்லை. கோபம்தான் ஏறிற்று. "ஷில்பாவை ஏன் இவ்வளவு ஓட விடறே? முட்டி வலின்னு சொன்னியே, மாத்து!" என்றேன். உடனே எதிரணி ஷில்பா இருந்த பக்கமாகவே ஓட ஆரம்பித்தது. பாவம், அந்தப் பெண் நொண்டிக்கொண்டு பின்னால் போகிறாள்.

வசந்தி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். நான் உடனே பின்னால் திரும்பி, அரட்டை அடித்துக்கொண்டிருந்த மாணவிகளை "உஷ்! மேடம் சத்தம் போடாதீங்கன்னு சொல்றாங்க" என்று அடக்கினேன்.

கடைசி நிமிஷம். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், பந்து எங்கள் கையில். வசந்தி டைம் அவுட் கேட்டுப் பெண்களை வட்டமாக நிற்க வைத்துக் காதோடு காதாக ஏதோ சொன்னாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. பதற்றத்தில் காலையில் போட்ட திட்டத்தை மறந்துவிடுவாளோ? கைகளை வாயருகே குவித்துக்கொண்டு முழு மூச்சாகக் கத்தினேன். "அந்த நந்தினி, வசந்தி! ஓரத்துல நிக்கற நந்தினி! சைத்ரா சும்மா பாவ்லா காட்டிட்டு நந்தினிக்குத் தள்ளட்டும்!"

நடுவர் விசில் ஊதினார். சைத்ரா அழகாகப் பாவ்லா காட்டினாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரணியே மொத்தமாக நந்தினியைச் சுற்றி நின்றது. பந்து போன வேகத்தில் பிடுங்கப்பட்டு, அந்தப் பக்கக் கூடைக்குள் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

படிக்கட்டிலிருந்து இறங்கி நேராகக் கோர்ட்டின் நடுவே போய் நடுவரை மறித்தேன்.

"இது மோசடி!" என்று கன்னடத்தில், ஊரே கேட்கும்படி சொன்னேன். "எங்க திட்டமெல்லாம் அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. யாரோ காட்டிக் கொடுத்திருக்காங்க. விசாரணை வேணும்!"

"யார் சார்?" என்றார் நடுவர்.

யார்? நான் எங்கள் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். தரக்கட்டுப்பாட்டு மூளை வேலை செய்தது. ஷில்பாவின் சித்தி வீடு கொள்ளேகாலில் அல்லவா! "நீதானே? கேசரி பரிமாறப் போன இடத்துல எல்லாத்தையும் உளறிட்டு வந்தியா?" என்றேன்.

ஷில்பா "இல்ல அங்கிள், நான் இல்ல" என்று தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். வசந்தி ஓடி வருவதற்குள் எதிரணிப் பயிற்சியாளர் வந்துவிட்டார். மாதேசன் என்று பேர். பழைய டீ ஷர்ட், கழுத்தில் விசில், அதுவரை சத்தமே போடாத ஆள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைய எதுக்குங்க அழ வெக்கறீங்க?" என்றார். தமிழில். சுத்தமான, கணீரென்ற தமிழில். "யாரும் காட்டிக் குடுக்கலீங்க. நீங்கதானுங்க மேல நின்னு ஒண்ணொண்ணாச் சொல்லிட்டு இருந்தீங்க."

நான் உட்கார்ந்திருந்த படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் ஹனூருங்க, தமிழ்நாட்டு பார்டருங்க. எங்க புள்ளைங்கள்லயும் பாதிப் பேருக்கு வூட்டுல இதே பேச்சுத்தானுங்க. மொதல்ல, கேக்காத மாதிரி இருந்துக்கலாம்னுதாங்க பாத்தேன். நீங்க எங்க உட்டீங்க?"

நடுவர், "ஏனந்த்ரு?" என்று கேட்டார். அதாவது, இவர் என்ன சொன்னார் என்று. கூட்டத்திலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் முழுவதையும் கன்னடத்தில் மொழிபெயர்த்தார். என் குரலை நடித்தும் காட்டினார். இரண்டு அணியும், படிக்கட்டில் இருந்தவர்களும், டீ கொண்டுவந்த கேன்டீன்காரரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது இப்போதும் என் காதில் விழுகிறது. சிரிக்காதவர்கள் மூன்று பேர். ஷில்பா, நான், வசந்தி.

செயலாளர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். "தோத்தாச்சு மேடம். சொன்னது சொன்னதுதான்" என்றார்.

வசந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. பிறகு செயலாளரிடம் திரும்பி, ரொம்பப் பணிவாக, "சார், இன்னிக்கு நடந்தது நீங்களே பாத்தீங்க. பொண்ணுங்க நல்லாத்தான் ஆடினாங்க. இவர்தான் கெடுத்தார். இந்த வருஷம் பூரா இதுதான் சார் நடந்தது" என்றாள்.

"ஹௌதா, அப்படியா? எல்லா ஆட்டத்திலயுமா?" செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாத்திலயும் சார்."

"மண்டியாவுக்கு நான் வரவே இல்லையே!" என்று அலறினேன். அலறும்போதே மேஜைக்கு அடியில் அவள் ஷூ என் காலை நன்றாக மிதித்தது. வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் ஒழுங்காக வாயை மூடிய ஒரே சமயம் அதுதான், அதுவும் நியாயம் என் பக்கம் இருந்தபோது!

செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்ல ஒரு மச்சினன் இருக்கான்மா, அச்சு அசல் இப்படியே" என்று பெருமூச்சு விட்டார். "சரி, இன்னும் ஒரு வருஷம் நடத்துங்க. ஆனா இவர் காம்பவுண்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

இப்படியாக அணி பிழைத்தது. நான் போகாத ஆட்டங்கள், தராத பந்துகள், கோர்ட்டில் நின்ற கார்கள், கேசரி உட்பட அந்த சீசனின் சகல பாவமும் என் தலையில் ஏறியது. ஷில்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அங்கிள்" என்றவள், அதைத் தன் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள்.

அடுத்த வருஷம் அணி ஜெயிக்க ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்றால், நிறுத்தவே இல்லை! வசந்திக்குப் புதுப் பந்துகள் வந்தன, கார்கள் வேறு இடத்துக்குப் போயின, பெண்கள் விடாமல் பயிற்சி செய்தார்கள். இதையெல்லாம் யாராவது காரணமாகச் சொன்னார்களா? நான் உள்ளே போகாததுதான் காரணமாம். ஆட்டத்தன்று காலையில் மாணவிகள் வசந்திக்கு போன் செய்து, "மேம், அங்கிள் வீட்லதானே இருக்கார்?" என்று உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள். வீடியோ காலில் என் முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள். நானும் காட்டித் தொலைக்கிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டில் பால் திரிந்தாலும், பஸ் போய்விட்டாலும், "முரளி வந்திருந்தானா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

போன மாதம் அரையிறுதி. நான் வீட்டில்தான் இருந்தேன். சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் செய்தி வந்தது. தோற்றுவிட்டார்கள்.

வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காகப் பொய் சொல்வானேன், உள்ளூர ஒரு சந்தோஷமும் வந்தது. மூன்று வருஷமாக நான் சுமந்த பழி அன்றோடு போயிற்று அல்லவா! வசந்தி வருவதற்காக வாசலிலேயே காத்திருந்தேன். அவள் ஸ்கூட்டரை நிறுத்தியதும், "பாத்தியா? நான் வீட்லயேதான் இருந்தேன். அப்பவும் தோத்தாச்சு!" என்றேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"வீட்ல இருந்தீங்க, சரி. வாயை மூடிட்டு இருந்தீங்களா?"