பூஜ்யத்துக்குக் கீழே போன போர்வெல்

திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டி ஓட்டை போடாத மண் இந்தியாவில் மிச்சமில்லை. மண் தீர்ந்துபோனதால்தான் போர்வெல் என்று நாங்கள் கூப்பிடும் பையன் கம்ப்யூட்டர் படிக்க வந்தான் என்பது என் முடிவு.

நாலு வருஷம் ரிக்கில் ஊர் ஊராகத் துளை போட்டுவிட்டு எங்கள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவன். நான் அங்கே கணித ஆசிரியன். ஒரு கூட்டத்துக்குப் போகாத குற்றத்துக்காக என்னை ஹேக்கிங் மன்றத்துக்குப் பொறுப்பாளர் ஆக்கியிருந்தார்கள். பாஸ்வேர்டை டைரியில் எழுதி வைப்பவன் நான்.

ஆன்லைன் போட்டியில் இறுதிச் சுற்றுக்குத் தேறாவிட்டால் மன்றத்தின் அறை இன்டர்வியூ பயிற்சிக்குப் போய்விடும் என்று முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார். தேற இன்னும் ஒரு புதிர் பாக்கி. யாரோ புண்ணியவான் கம்ப்யூட்டருக்குள் சொந்தமாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கட்டியிருந்தான். அதற்குத் தனி மொழி, அகராதி கிடையாது. மொழியைக் கண்டுபிடித்து, அந்தக் கூண்டை விட்டு வெளியேறி, ஒளித்து வைத்த ஒரு வரியை எடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள்.

மற்ற பிள்ளைகள் திரையை முறைத்தார்கள். போர்வெல் வராந்தாவில் காகிதத் துண்டுச் சீட்டுகளைப் பரப்பினான். ரிக்கில் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் மேலே வரும் மண்ணைத் தனித்தனிக் குவியலாக வரிசை வைப்பார்களாம், அடியில் என்ன இருக்கிறதென்று தெரிய. இவன் அந்தக் குட்டி இயந்திரத்துக்கு ஒவ்வொரு எண்ணாக ஊட்டி, அது துப்பியதைச் சீட்டில் எழுதி வரிசை வைத்தான். கூட்டல் கட்டளைக்கு ஒரு சீட்டு, வேறு வரிக்குத் தாவும் கட்டளைக்கு ஒரு சீட்டு. யாரும் மிதிக்கக் கூடாது. முதல்வரே தாண்டித்தான் போனார். சீட்டு பறக்காமல் மின்விசிறியை நிறுத்தியதுதான் மன்றத்துக்கு நான் செய்த ஒரே தொழில்நுட்ப உதவி.

நாலு மணிக்கு மொழி பிடிபட்டது. வழிதான் இல்லை. நினைவகத்தின் மேல் எல்லையைத் தாண்டப் பார்த்தவர்களை எல்லாம் இயந்திரம் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. நாலே முக்காலுக்கு ஒருத்தி சுவரிலிருந்த மன்றத்தின் பேனரை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ஏனுங்க சார், எல்லாரும் எதுக்குங்க மேலயே ஏறறாங்க?" என்று கேட்டான் போர்வெல்.

"பின்ன எங்கப்பா போறது?"

"கீழ போறதுங்க."

நினைவகத்தில் இட எண்ணே பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது, பூஜ்யத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டேன். கணித ஆசிரியன் கேட்கக் கூடாத கேள்வி. அவன் மைனஸ் எட்டு என்று அடித்தான். எண் பெரிதாகிவிடக் கூடாதென்று காவல் போட்டவன் மைனஸை நினைக்கவே இல்லை. இயந்திரம் பேசாமல் வழி விட்டது. எட்டு எட்டாக இறங்கினான். கூண்டுக்கு வெளியே இருந்ததெல்லாம் துண்டு துண்டாக மேலே வந்தது. ஐந்து மணி அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது அந்த வரியும் வந்தது.

"தண்ணி வந்துருச்சுங்க சார்" என்றான், அலட்டிக்கொள்ளாமல்.

தேறியவர்களில் நாங்கள்தான் கடைசி. கடைசிக்கும் அறை உண்டு.

போர்வெல் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன வாரம் வராந்தாவில் முதலாண்டுப் பெண் ஒருத்தி சீட்டு பரப்பியிருந்தாள். சுற்றிப் போக வழி இருந்தது. முட்டி வலியோடு தாண்டியே போனேன்.